லட்சுமி யார்?

திருத்தங்கல்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பொன்மணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம். சென்னை விடுதிச் சாப்பாடு இப்போதாவது உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் நான் பேச ஆரம்பித்தாலே நீ அழுகிறாய். அழுகிற பிள்ளையைத் திட்ட எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

சிவகாசி நகரத்து வறுமையையும் நல்வாழ்வையும் பற்றி நீ செய்கிற ஆராய்ச்சியில் நான் சொன்ன பக்கத்தை எடுத்துவிடப் போகிறேன் என்றாய். என்னால்தான் உனக்கு வேலை போயிற்று அம்மா என்று வேறு புலம்பினாய். என்னை வேலையிலிருந்து நிறுத்தியது பட்டாசுக் கம்பெனி. அவர்கள் பழியை நீ ஏன் சுமக்கிறாய்?

நான் நடந்ததைத்தானே சொன்னேன். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் சீசன் வந்தால் பத்துப் பேர் உட்கார்ந்து வெடி சுற்றுவோம். வெள்ளை ஜீப்பைக் கண்டால் சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று மிச்சப் பேர் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட வேண்டும். அதுதான் அங்கே பழக்கம். அன்றைக்கு வந்த ஜீப்பில் நீயும் உன் பேராசிரியரும் இருப்பீர்கள் என்று யார் கண்டது? செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், வெறுங்காலோடு முள்ளுக்குள் குந்தியிருந்தேன். போர்மேனிடம் நீ பேசுகிற குரல் கேட்டது. பெற்ற மகளுக்குப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டேன்.

நீ பொங்கலுக்கு வாங்கித் தந்த செருப்பை வாசலில் பார்த்துவிட்டாய். பார்த்தும் பார்க்காததுபோல் ஜீப்பில் ஏறிவிட்டாய். சாயங்காலம் என் பாதத்தை மடியில் வைத்து முள் எடுத்துக்கொண்டே, மரியாதையோடு வாழ்கிறோம் என்று நினைக்கிறீர்களா என்று உன் கேள்வித்தாளில் இருந்ததைக் கேட்டாய். வெட்கமாக இருக்கிறது என்று அன்று சொன்னேன். இப்போது வெட்கம் போய்விட்டது, கோபம்தான் இருக்கிறது.

விருதுநகரில் நடந்த ஆராய்ச்சிக் கூட்டத்தில் நான் சொன்னதை நீ படித்தபோது என் பெயரை லட்சுமி என்று மாற்றினாய். அதுதான் ஆராய்ச்சி முறை என்றாய். அதைப் படித்தவள் யார் பெற்ற பிள்ளை என்று கம்பெனிக்குத் தெரியாதா? முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு?

நேற்று போர்மேன் செந்தூர்பாண்டி வீட்டுக்கு வந்தார். “மதினி, புள்ள ஏதோ தெரியாம எழுதிருச்சு. அப்படி ஒண்ணும் நடக்கலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நாளைக்கே வேலைக்கு வாங்க” என்றார். இல்லாவிட்டால் உன் அப்பாவும் இனி லோடு ஏற்ற வர வேண்டியதில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “காப்பி குடிச்சிட்டுப் போங்க, கையெழுத்து மட்டும் கேக்காதீக” என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னிடம் பேசுவதில்லை. அவர்களைக் குறை சொல்லாதே, அவர்களும் பிழைக்க வேண்டும். நான் காலண்டர் அச்சகத்தில் தாள் அடுக்கப் போகிறேன். கூலி குறைவு. குழம்பு கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது, மற்றபடி ஒன்றும் குறையில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். லட்சுமி யார்? அவளா முள்ளில் உட்கார்ந்தாள்? அப்படி ஒருத்தியே இல்லை என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுலபம். மாடத்தி என்றே போடு. இவள் என்னைப் பெற்றவள் என்றும் எழுது. உன் பேராசிரியர் சம்மதம் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நேற்றெல்லாம், “பேசாம எழுதிக் குடுத்துரு, வம்பு வேண்டாம்” என்று என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம், நீ ஒருத்தி மட்டும் கையெழுத்துப் போட்டால் எடுபடுமா, பேனாவைக் கொடு என்றார். லோடு ஏற்றிப் பழகிய கை அது. எழுத்துக் கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், தாயே. ஒரு வரிகூட எடுத்துவிடாதே.

உன்னைப் பெற்ற
மாடத்தி

சாட்சி: சங்கிலிமுத்து