கோப்பை கழுவும் பக்கம்

ராஹே,
மார்ச் 14

அன்புள்ள ரெய்னோ,

நாங்கள் நலம். பனிக்கட்டி உடைக்கும் கப்பலில் நடுக்கடலில் நிற்கும் நீயும் நலம் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தி, அடக்கி வைக்க என்னால் முடியவில்லை: நம் சைமி இதே பள்ளியில்தான் தொடர்ந்து படிக்கப்போகிறாள்! நேற்று தலைமையாசிரியரே சொல்லிவிட்டார்.

உதவி ஆசிரியை ஹெல்லெவியை மூன்று முறை கடித்துவிட்டாள் அல்லவா? இன்னொரு முறை கடித்தால் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விடுதிப் பள்ளிதான் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை, வாரமெல்லாம் நம்மை விட்டு! கோபம் வருவதை முன்னாலேயே சொல்லப் பழகினால் கடிக்க மாட்டாள் என்று, முகங்கள் வரைந்த படப்புத்தகம் ஒன்றை ஹெல்லெவி கொடுத்தனுப்பினாள்.

அந்தக் கூத்தைக் கேள். முகம் சிவந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் ஆள். இவருக்கு என்ன என்று கேட்டேன். “சவுனா ரூம் நீராவி வெக்கையில ரொம்ப நேரம் உக்காந்துட்டாரு” என்றாள். கண்ணீர் விடும் பெண்ணைக் காட்டினால், “வெங்காயம் நறுக்குறாங்க.” மூன்று வாரம் இதே கதை. எரிச்சல் தாங்காமல் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த காப்பிக் கோப்பைகளையே மறுபடி கழுவினேன். பின்னாலேயே வந்து நின்று, “அம்மாவுக்குக் கோவம்” என்றாள்.

குழாயை மூடினேன். அவளுக்கு எல்லாம் தெரிகிறது, ரெய்னோ. புத்தகத்தில் இருப்பவர்கள்தான் நம் வீட்டு ஆட்கள் இல்லை. இந்த வீட்டில் யார் என்றைக்குக் கத்தினோம்? யார் அழுது அவள் பார்த்தாள்?

அன்றே ஒரு நோட்டில் வரைய ஆரம்பித்தேன். கோபத்துக்கு நான், கோப்பை கழுவுகிறேன். பயத்துக்கு உன் அண்ணன். சாலை வழுக்கினால் ஒரு வார்த்தை பேசாமல் கார் ரேடியோவை அணைப்பாரே, அது. என் கைவண்ணத்தில் மனிதர் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறார். வருத்தத்துக்கு நீ, பனியே இல்லாத வாசலில் பனி வாரிக்கொண்டிருக்கிறாய். பார்த்த உடனே “அப்பாவுக்கு வருத்தம்” என்றாள்.

புதன்கிழமை சாப்பாட்டு அறையில் அவள் நாற்காலியில் வேறொரு பிள்ளை உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்களாம். சைமி பையிலிருந்து நோட்டை எடுத்து, கோப்பைப் பக்கத்தை ஹெல்லெவியின் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கிறாள். “நான் இப்ப கப்பு கழுவுறேன்! நெறைய கப்பு!” ஒரு பல்கூடப் படவில்லை. ஹெல்லெவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, “வெங்காயமா?” என்று இவள் விசாரித்தாளாம். போனில் கேட்டதும் நான் தனியாகக் குதித்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. இப்போது வகுப்பில் மற்ற அம்மா அப்பாக்களும் தங்கள் வீட்டுப் புத்தகத்தை வரைகிறார்கள்.

சந்தோஷத்துக்கு மட்டும் பக்கம் முடியவில்லை. எனக்கு என்ன வரைவது என்று சைமியே சொன்னாள்: “அம்மா தப்புத் தப்பாப் பாடுவா.” அப்பாவுக்கு என்று கேட்டேன். “தெரியாது. நான் பாத்ததில்ல” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொரு வேலைச் சுற்றும் கப்பலிலேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஈஸ்டருக்கு வந்துவிடு. அந்தச் சந்தோஷப் பக்கத்தில் பாதியை உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். அவள் பென்சிலும் கையுமாக உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

உன்,
தூலிக்கி