ஒரு வாளி நல்ல தண்ணீர்

அன்புத் தங்கை மார்ஜரிக்கு,

உன் இருமல் குறைந்ததா? போர்க்கப்பலில் நோயாளிகளைக் கவனிக்கும் நான் சுகமே.

போன வாரம் காற்றில்லாமல் பாய்கள் தொங்கியபோது குடிநீரை அளந்தே தந்தார்கள். ஆனாலும் உப்புநீரில் துவைத்த என் வெள்ளைத் தொப்பி விறைக்கிறதென்று, குடிநீர்ப் பீப்பாயிலிருந்து ஒரு வாளி எடுத்துத் துவைத்துவிட்டேன். பழி மாலுமி டெர்மட் மேல் விழுந்தது. சவுக்கடிக்காக அவன் சட்டையைக் கழற்றும்வரை என் கௌரவம் வாயைத் திறக்க விடவில்லை. பிறகே ஒப்புக்கொண்டேன். கேப்டன் அவனை விடுவித்தார். என்னைத் திட்டக்கூட இல்லை.

"அடுத்த தடவ என் சட்டையையும் சேத்துத் துவைச்சிருங்க, தாயே!" என்று டெர்மட் சிரித்தான்.

நேற்று, காய்ச்சலில் கிடக்கும் ஒருவனிடம் குவளையை நீட்டினேன். "இத நான் குடிச்சிட்டா உங்களுக்குத் துவைக்கத் தண்ணி இருக்குமாம்மா?" என்றான். அவன் கேலி செய்யவில்லை, மார்ஜரி.

அழுக்குத் தெரியாத கறுப்புத் தொப்பி ஒன்று அனுப்பு. நாலு வரி கூடுதலாக எழுது. தபால் படகு புறப்படுகிறது.

உன் அக்கா
ஹொனோரா