மூன்று கிலோ தண்ணீர்

செவ்வாய், இரவு.

எழுத்துத் தெரியாதவன் நான். பேசினால் எழுதிக்கொள்ளும் போனில் சொல்கிறேன்.

டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்தார்கள். போன முறையைவிட மூன்று கிலோ கூடுதல்.

"ஒண்ணுன்னு எழுதுத்தா, மகன் வைவான்" என்று நர்ஸிடம் கெஞ்சினேன்.

"குறைச்சு எழுதுனா மெஷினு அவ்வளவுதான் எடுக்கும், மிச்சத் தண்ணி நெஞ்சுக்கு ஏறிரும் தாத்தா." உள்ளதை எழுதி வாசித்தும் காட்டினாள். எதை எழுதினாலும் எனக்கா தெரியும்!

முடிந்ததும் மகன் வந்து, எடையைப் பார்த்துவிட்டு, "என்னத்தக் குடிச்சாரு?" என்று அவளிடம் கேட்டான்.

குடித்ததையெல்லாம் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்; அவள் காட்டிக்கொடுக்கவில்லை. "அவருகிட்டயே கேளுங்கண்ணே" என்று என் பக்கத்திலேயே நின்றாள்.

"நத்தத்துக் கல்யாணத்துல மோரு, எளநி எல்லாந்தேன்லே" என்றேன்.

பொய்யும் எழுதவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு அம்புட்டு நிதானம் எங்கிருந்து வந்ததோ!

இப்போதும் தாகமாக இருக்கிறது. சொம்பு கையெட்டும் தூரத்தில்தான். வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் படுக்கிறேன்.