பக்கத்தில் ஒரு காக்கை இருந்தது

பேரிகை
10.11.2025

அன்பு மகன் முனீஸ்வரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு இரண்டும் நல்ல சுகம். அங்கே நீயும் ஹரிணியும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று முனியப்பனை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மிச்ச நேரத்தில் நீ சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுகிறாய். கறிக்கடை அக்பர் பாஷாவின் மகன் ஃபைஸான் வெள்ளிக்கிழமை ஸ்வீடனுக்குத் திரும்புகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரை படி. நடுவில் சிரிக்காதே.

ஊர் விஷயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மழை இந்த வருஷம் நின்று பெய்தது, தக்காளி பாதி செடியிலேயே வெடித்துப் போனது. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஆனால் தைலத்தைத் தேய்த்துக்கொள் என்றால் நாளைக்கு என்கிறாள், நீ சொன்னால்தான் கேட்பாள். டிசம்பரில் வருகிறாய் என்றதும் வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியாயிற்று. அதற்குள்தான் அம்மா அந்தச் செய்தியைச் சொன்னாள். பெங்களூரில் இறங்கி நேராக ராயக்கோட்டைக்குப் போகிறீர்களாம், உன் மாமனாரோடு மூன்று நாள் கோட்டை மலையில் கழுகு பார்க்கிறீர்களாம், அதற்குப் பிறகு பேரிகையாம். இருப்பதே பத்து நாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வவுறு எரியுதுன்னா எரியுதுன்னு சொல்லு, அதுக்கு எதுக்கு கொழம்புல உப்பு இல்லங்கற என்றாள். ஆமாம், எரிகிறது. எனக்குக் கிருஷ்ணப்பன் சம்மந்தி மேல் பொறாமை. இந்த வயதில் எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஏன் என்று நீயே யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரோடு ஒரு மணி நேரம் போன். அவர் தெலுங்கில் பேசுகிறார், நீயும் தெலுங்கில் பதில் சொல்கிறாய், எப்போது கற்றுக்கொண்டாய் என்றுகூட எனக்குத் தெரியாது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் அவர் ஒரு பறவைப் படம் போட்டால் நீ கையைத் தட்டுகிறாய், நான் காலை வணக்கம் போட்டால் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வரும்வரை ஆகாயத்தைப் பார்ப்பதற்கு அவருக்குச் சம்பளம். நான் முப்பத்தோரு வருஷம் ஓசூர் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் டேபிளில் குனிந்து பீஸ் அளந்தவன், நிமிர்ந்தால் சூப்பர்வைசர் முகம்தான். எல்லாவற்றையும்விட ஒன்றுதான் என்னைத் தின்றது. உனக்குப் பறவை பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் வளர்த்தவன் நான், இரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டவர் அவர்.

சரி, அவரால் முடிந்தால் என்னால் முடியாதா என்று நானும் இறங்கினேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கம்பெனியில் ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு கேஜ் இருக்கும், அதில் பொருந்தினால் ஓகே, பொருந்தாவிட்டால் ரிஜெக்ட், பேச்சே கிடையாது. அதே மாதிரி கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் வால் வால்களாக வெட்டினேன். நடுவில் பிளந்த வால் கள்ளப்பருந்து, விசிறி மாதிரி வளைந்தது செம்பருந்து, கருடன் என்று கும்பிடுவது அதைத்தான், நேராக வெட்டியது போல் இருந்தால் கழுகு. கையை நீட்டி அட்டையை ஆகாயத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். அக்பர் பாஷா கடைக்குப் பின்னால் கோழிக் கழிவுக்குப் பருந்துகள் வட்டமிடும், அங்கேதான் பயிற்சி. ஒரு மாதத்தில் நூறு பருந்தாவது அளந்திருப்பேன். கடைக்கு வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், ரிட்டையர் ஆனா அப்படித்தாங்க என்று அக்பர் பாஷா சமாளித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது, உனக்கும் ஞாபகம் இருக்கும். ஏரிக்கரையில் ஒன்று தாழ்வாகச் சுற்றியது. உன் அம்மா வழக்கம்போலக் கிருஷ்ணா கிருஷ்ணா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு மேலே பறப்பதெல்லாம் கருடன்தான். நான் அட்டையைப் பிடித்தேன். வால் செம்பருந்து அளவுக்குச் சரியாக இருந்தது, ஆனால் வெள்ளைத் தலையும் இல்லை, செம்பட்டை உடம்பும் இல்லை, மொத்தமும் மண் நிறம். ரிஜெக்ட், வீணா கன்னத்துல போட்டுக்கிட்ட என்று அவளைக் கேலி செய்தேன், இது ராஜாளி என்று குரூப்பில் படமும் போட்டேன். கால் மணி நேரம் கழித்து சம்மந்தி எழுதினார், நல்ல படமுங்க சம்மந்தி, இது செம்பருந்துக் குஞ்சா இருக்கும்னு நெனைக்கறேன், தலை வெளுக்க இன்னும் ஒரு வருசம் ரெண்டு வருசம் ஆவும் என்று. உன் அம்மா அன்று முழுவதும் சிரித்தாள். என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தப்பு வந்திருக்காது. வேலை முடியாத பீஸை எடுத்து வைத்துக் கடைசி கேஜில் அளந்து தூக்கி எறிந்துவிட்டேன், புதிதாகச் சேர்ந்த டிரெயினி செய்தால் நான் கத்துவேனே அதே காரியம்.

அவமானம் பொறுக்காமல் போன வாரம் ராயக்கோட்டைக்கே பஸ் ஏறினேன். சண்டைக்கு என்று வைத்துக்கொள். முதல் நாள் என் மகன் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று போனேன். அந்த மனிதர் என்னடா என்றால் வாங்க சம்மந்தி வாங்க சம்மந்தி என்று கையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், காபி கொடுத்து, தன் நோட்டை எடுத்து வைத்தார். பக்கம் பக்கமாகத் தேதி, இடம், பறவை பெயர். எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் மாப்பிள்ளை சொன்னது, மாப்பிள்ளை சொன்னது என்று எழுதியிருக்கிறது. எங்க ஊட்ல எல்லாத்துக்கும் கத்த தாங்க சம்மந்தி, கத்தன்னா உங்க பருந்து, எனக்கு என்னா தெரியும், நான் படம் புடிச்சு அனுப்புவேன் மாப்ள பேரு சொல்லுவாரு என்றார். என் செம்பருந்துக் குஞ்சும் அந்த நோட்டில் இருந்தது. அதுவும் நீ சொன்னதுதான். நேராகச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும், நீங்கள் சொல்வது போல் மெதுவாகச் சொல்லுங்கள் என்றாயாம். சம்மந்தி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நான் போட்ட தப்பை எனக்குச் சொல்ல என் மகனுக்கு ஒரு தூதுவர் வேண்டியிருக்கிறது என்றால் அந்தக் குறை என்னுடையதுதான்.

அதோடு விட்டாரா. மாப்ளைக்கு இந்தக் கிறுக்கு எப்படி வந்துச்சு தெரியுமா சம்மந்தி, உங்களாலதான் என்றார். நீ நாலாவது படிக்கும்போது சூளகிரியில் பள்ளிக்கூட ஷூ வாங்கிக்கொண்டு என் மொபட்டில் திரும்பினோமே, கல் குவாரிப் பாறை மேல் ஒரு பறவை நின்ற இடத்திலேயே ஆகாயத்தில் நின்றதே, அதைச் சொன்னார். அப்பா, கீழ உழாம எப்புடிப்பா நிக்குது, அது பேரு இன்னா என்று நீ கேட்டாய். பருந்துடா, வேற இன்னா, கெட்டியா புடி என்றேன். இரண்டாம் ஷிஃப்ட் பஸ் போய்விடும் என்ற பதற்றம். அது சாதாரணப் பருந்து இல்லை என்று நீ இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறாயாம். இரண்டு பெயரில் வந்து நிற்கிறதாம், இரண்டும் அடியில் வெள்ளை, இரண்டும் நின்ற இடத்தில் நிற்கும், ஒன்று கருந்தோள் பருந்து, காக்கை அளவு, இன்னொன்று பாம்புக்கழுகு, அதைவிட இரண்டு மடங்கு. வெறும் ஆகாசத்துல தனியா நின்னா சின்னதா பெருசான்னு எப்புடிங்க தெரியும், அது ஒண்ணுதான் மாப்ளைக்கு மனசுல நிக்குது, கோட்டை மலையில பாத்தாவது முடிவு பண்ணலாம்னுதான் இந்தத் தடவ முதல்ல இங்க வர்றாரு என்றார்.

முனீசு, அப்போதே எனக்குப் பதில் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. அவர் சொல்லி நீ கேட்டுக்கொள்ள வேண்டாம் என்ற அந்தப் பொறாமையில் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஆனாலும் இன்ஸ்பெக்டர் ஒருமுறை அளந்ததை நம்பக் கூடாது, நான்கு நாள் அந்தக் குவாரிப் பாறையில் போய் உட்கார்ந்தேன். நான்காம் நாள் பதினோரு மணிக்கு வந்தது. காற்றில் சிறகை மெல்ல அடித்தபடி நின்றது, பொத்தென்று இறங்கியது, எழும்பும்போது வாயில் பாம்பு தொங்கியது. வால் என் மூன்றாவது அட்டையில், அந்தக் கழுகு அட்டையில், அச்சாகப் பொருந்தியது.

இப்போது சொல்கிறேன். அன்று வண்டி வளைவில் திரும்பியதும் குவாரிச் சுவர் மறைத்துவிட்டது, நீ என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாய், அழுதாயோ என்னவோ. சுவர் முடிந்த இடத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன். அது அப்போதும் மேலேதான் இருந்தது, ஒரு காக்கை அதைத் துரத்திக்கொண்டிருந்தது. அந்தக் காக்கை அதில் பாதிகூட இல்லை. சின்னதா பெரியதா என்று சொல்வதுதான் என் பிழைப்பு, அதில் நான் தவற மாட்டேன். உன்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம், பஸ்ஸுக்காகக் காட்டாமல் விட்டேன். நீ பார்த்தது பாம்புக்கழுகு. நானும் பார்த்தேனடா.

இனி கோட்டை மலையில் முடிவு செய்ய ஒன்றும் இல்லை. ஆகவே முதலில் இங்கே வா, பாறையில் உட்கார வெயிலுக்குத் துண்டு கொண்டு வா. பிறகு ராயக்கோட்டைக்குப் போ, நானும் வருகிறேன், சம்மந்திக்கு நாம் இருவரும் சேர்ந்து சொல்வோம். அதுவரை அவரிடம் மூச்சு விடாதே. இனி நான் தப்பாகச் சொன்னால் நேராக என்னிடம் சொல், கத்த மாட்டேன், கத்தினாலும் சொல். ஹரிணிக்கு எங்கள் ஆசி. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நூறு வருஷம் நன்றாக இருங்கள். அம்மாவிடம் தைலம் பற்றிப் பேச மறக்காதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா
மு. ராமப்பன்

அந்த மூன்றாவது அட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன். மடிக்காமல் கொண்டு வா.