பர்மிட் வந்த நாள்

பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். ஜன்னலைச் சாத்த எழுந்தவள், சாத்தாமலே நின்றேன். நீங்கள் வந்துவிட்டீர்கள், நான் அழைக்கவில்லை. நீங்கள் இறந்தபோது அழாதவள் இப்போதும் அழவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நமக்குத் திருமணமான புதிதில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு ஒற்றை பஸ் விட்டீர்கள். பர்மிட் கிடையாது. பர்மிட் வைத்திருந்த பஸ்கள் மீன்கூடைக்காரிகளை ஏற்றுவதில்லை. உங்கள் பஸ்ஸில் பின்பாதி முழுவதும் கூடைகள். "ஜனங்கள் முதலில் பழகட்டும். பழகியதை நிறுத்த எந்த அதிகாரிக்கும் துணிவு வராது" என்பீர்கள். டோல்கேட்டில் போலீஸ்காரர் மறித்தால் கூடைக்காரிகளே இறங்கிச் சண்டையிட்டார்கள்.

"பர்மிட்டாம் பெரிய பர்மிட்டு. மீனு நாறிப்போனா நீ துன்னுவியா நைனா?"

அதில் நியாயம் இருந்தது. இன்றும் மறுக்கமாட்டேன்.

அபராதத்தைப் பெட்ரோல் செலவோடு சேர்த்துவிட்டீர்கள். தண்டனையை வாடகையாக்கிவிட்டீர்கள் என்றேன். "பி.ஏ. பொருளாதாரம் பேசுகிறது" என்று சிரித்தீர்கள். ஆனால் நீங்கள் பணம் மட்டும்தான் கட்டினீர்கள். கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்றவர் டிரைவர் காதர். முதலாளிக்குத் தெரியாமல் வண்டியை எடுத்ததாக ஒவ்வொரு முறையும் அவர் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் பெயரில் குற்றம் பதிவானால் பின்னால் பர்மிட் கிடைக்காதல்லவா?

ஒருமுறை காதர் நம் வாசலில் நின்று கேட்டார்: "இப்டியே போய்க்கினு இருந்தா என் லைசென்ஸப் புடுங்கிக்குவான் மொதலாளி. அப்பால நா இன்னாத்த ஓட்றது, ஒங்க வூட்டுத் தொட்டிலையா?"

மூவரும் சிரித்தோம். "பர்மிட் வரட்டும் காதர், நீதான் முதல் டிரைவர்" என்றீர்கள்.

வந்தது. கூடைக்காரிகள் திரண்டு போய் மனுக் கொடுத்ததால் வந்தது. அதே வாரத்தில், பழைய தண்டனைகளையெல்லாம் காரணம் காட்டி, காதரின் லைசென்ஸை ரத்து செய்தார்கள்.

பூஜை போட்ட அன்று காலை அவர் சலவை செய்த காக்கிச் சட்டையில் வந்தார். ஸ்டியரிங்கின் முன்னால் வேறொருவர்.

"பர்மிட்டு வந்துகீது. நா எங்க குந்துறது மொதலாளி?"

"முன்சீட்டில் உட்கார். உனக்கு என்றைக்கும் டிக்கெட் வேண்டாம்" என்றீர்கள். தாராள மனத்தோடுதான் சொன்னீர்கள். நடிப்பென்றால் எனக்குத் தெரிந்திருக்கும். காதர் பானெட்டை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டுக் கொருக்குப்பேட்டைப் பக்கம் நடந்தார். பிறகு வரவில்லை.

பஸ்கள் பெருகின. எல்லாவற்றிலும் கூடைகள் ஏறின. உங்களை நான் நிந்திக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. இரண்டுக்குமே மனத்தில் கொஞ்சம் சூடு வேண்டும்.

சட்டத்தை மீறிப் புதிய தொழிலில் முன்னேறியவர் என்று யாரையாவது பிள்ளைகள் என்னிடம் புகழ்கிறார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: "கூண்டில் யார் ஏறுகிறார்?" கிழவிக்குப் பேச்சு தடம் மாறுகிறது என்று நினைத்து, காப்பி வேண்டுமா என்று கேட்கிறார்கள்.