பழைய டிஸ்கை அழிக்காதீங்க

இரத்தோட்டைக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்திலும், சிவநந்தினி கணவன் திவாகரனுக்கு ஒரு சீட்டெழுதிக் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டினாள்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். நாளைக்கு வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க. சோறு குக்கர்ல இருக்கு, பருப்பைச் சூடாக்கிக்குங்க. எல்லாத்தையும் புது டிஸ்குக்கு மாத்திட்டேன், கம்ப்யூட்டர் இப்ப அதுலதான் ஓடுது. பழசு மேசை லாச்சியில இருக்கு. ஒரு மாசத்துக்கு அதை அழிக்காதீங்க. இடி இடிச்சா வழக்கம் போல பிளக்கைப் புடுங்காம, மொதல்ல கம்ப்யூட்டரை நிப்பாட்டுங்க."

போன தடவை டிஸ்க் மாற்றியபோது, எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்காமலே அவன் பழையதை அழித்துவிட்டான். அவளுடைய அப்பா கடைசியாகத் தேர் வடம் பிடித்த வீடியோ அதோடு போனது. "என் தங்கச்சி கல்யாணப் படமும்தான் போச்சு, நந்தினி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பிளேன்டி ஊற்றிக் கொடுத்து அவனைத் தேற்றியவளும் அவள்தான்.

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"எல்லாம் சரியா வந்திருக்கான்னு ஒவ்வொண்ணா தொறந்து பாத்தேன். உங்க கடை ஃபோல்டருக்குள்ள உங்க தங்கச்சி கல்யாணப் படம் அத்தனையும் இருக்கு. அன்னைக்கு அழிக்கிறதுக்கு முன்னாடி அதை மட்டும் எடுத்து வெச்சிருக்கீங்க."

இனி ஓரத்தில்தான் இடமிருந்தது.

"பயப்படாதீங்க. அதையும் பத்திரமா மாத்திட்டேன். ரெண்டு தடவை சரிபாத்தேன்."