நீ பார்க்காத திரை

இன்று காலை கணினியில் தூசி துடைக்க உட்கார்ந்தேன். பக்கத் தகட்டின் திருகில் கை வைப்பதற்கு முன்னால் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். ஜன்னலை அடைத்தும் மூடுபனி அறைக்குள் வந்திருந்தது. உடம்பு வெடவெடத்தது. அப்புறம்தான் உறைத்தது, இது நீ போட்ட சட்டம் என்று.

அன்றைக்கும் இதே குளிர். பண்ணைக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாய். புதுக் கணினிச் சாமான் பெட்டிகளைப் பிரிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாய்.

"ஸ்வெட்டரைக் கழட்டுடி மொதல்ல. கம்பளி உரசி ஒரு பொறி பட்டாப் போதும், மதர்போர்டு செத்துரும்."

"அதுக்கு முன்னாடி நான் செத்துருவேன் போலருக்கே!"

"நீ செத்தா அழுதுட்டு விட்டுருவேன். இது காசு போட்டு வாங்குனது."

மெல்லிய சுடிதாரோடு, பல் கிட்டிக்க, நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் பாகம் பாகமாகக் கணினி பூட்டினோம்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே நீ எதையும் இரண்டு முறை படிக்காமல் வாங்கியதில்லை. என் லேப்டாப் செத்துப்போய், கல்யாணப் பத்திரிகை, தேவாலயப் பங்கு மடல் என்று வீட்டிலிருந்து நான் செய்துவந்த பக்க வடிவமைப்பு வேலை நின்றபோது உன்னிடம்தான் வந்தேன். நீ பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர்.

"உன் சோலி என்னன்னு சொல்லு, பெறவு சாமானப் பாப்போம்" என்றாய்.

நான் கலர் விளக்கு எரியும் கேபினெட் ஒன்றைக் காட்டினேன்.

"ஏன், உன் கம்ப்யூட்டரு சப்பரத்துலயா போகப்போவுது? பெரிய ஃபேனும் வேணாம், குளிருதான் இங்க ஓசியாக் கெடக்கே. அந்தக் காசை பவர் சப்ளைல போடு. நம்ம ஊரு கரண்ட்டை நம்ப முடியாது."

ராம் மெமரி இப்போதைக்கு ஒன்று போதும், இன்னொன்றுக்கு இடம் காலியாக இருக்கட்டும் என்றாய். விண்டோஸுக்கு வேறு பணம் கட்ட வேண்டுமே என்று இழுத்தேன். "லினக்ஸ் போடுவோம்டி, அதுக்குக் காசு கெடையாது. அது இருக்கிறதை வச்சுக் குடும்பம் நடத்தும்."

பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினோம். விசிறி சுற்றியது. உள்ளே சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஒவ்வொரு கேபிளையும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாய். கடைசியில் ப்ராசஸர் டப்பாவை எடுத்துப் படித்தாய். படம் காட்டும் வசதி உள்ளுக்குள் இல்லாத ரகம் அது. அதனால்தான் விலை குறைவு. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு மாட்டினால்தான் திரையில் ஏதாவது வரும்.

"டீச்சரம்மா, ரெண்டு வாட்டி படிச்ச லட்சணம் இதானா?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய், கொஞ்சம் தாமதமாக.

"வீட்ல பழைய கார்டு ஒண்ணு கெடக்கு. வர்ற சனிக்கிழமை கொண்டாரேன். வெரசா முடிச்சுரணும்டி."

எதிலும் அவசரப்படுகிற ஆள் இல்லை நீ. உன் உடம்பைப் பற்றி மதுரை டாக்டர் சொன்னதை அப்போதே மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தச் சாமான்களையெல்லாம் தேடியிருக்கிறாய். பிற்பாடு உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை நீ வரவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வேற யாரையும் வச்சு மாட்டிறலயே?"

"இல்ல. நீயே வந்து மாட்டு."

"வருவேன். மொத எழுத்து வர்றப்ப நான் பக்கத்துல இருக்கணும். போட்டோ எடுத்து அனுப்புற சோலியெல்லாம் வேணாம்."

அதனால் காத்திருந்தேன். அவசர வேலைகளை பஜாரில் ஒரு கடையில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். நீ மறுபடி மலையேறியது ஆம்புலன்ஸில்.

உன் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்குச் சில நாள் முன்பு உன் அம்மா வந்தார்கள். கைக்குட்டையில் சுற்றிய கார்டை என் மடியில் வைத்தார்கள்.

"இத உனக்குன்னுதான் தனியா எடுத்து வச்சிருந்தா. நினைவு அட்டைய நீயே அடிச்சுக் குடு தாயி. வெளியில குடுக்க மனசு வரல."

ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மாட்டினேன். திரை வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. நீ பென் டிரைவில் போட்டுவைத்திருந்த லினக்ஸை ஏற்றினேன். தமிழ் ஒழுங்காக வருமா என்று பயந்திருந்தேன். ஒரு கொம்பு, ஒரு கால் பிசகாமல் வந்தது. நான் தட்டிய முதல் சொல் உன் பெயர். அதன் கீழே இரண்டு தேதிகள்.

இன்றும் எனக்குச் சோறு போடுவது அதே கணினிதான். என் பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் உள்ளே ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டால் அழுத்தியதும் திறந்துவிடும், விலையும் கைக்கு எட்டுவதுதான் என்கிறார் கடைக்காரர். நீ இருந்தால் திட்டியே மாற்ற வைத்திருப்பாய்.

ஆனால் காலையில் பொத்தானை அழுத்தியதும், எழுத்து வருவதற்கு முன்னால், கொஞ்ச நேரம் திரை கறுப்பாக நிற்கிறது. அந்தக் கொஞ்ச நேரமும் நீ வந்துசேர்வதற்கு இன்னும் நேரமிருப்பது போலவே இருக்கிறது. அதைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.